எப்போது வரை என்று ஒரு கட்டம்

ஜனவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீயும் நானும் நகமும் சதையும் போல என்று என் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வாரம் ஒரு கடிதமாவது எழுதிக்கொள்வோம் என்றும் சேர்த்துச் சொன்னேன். நாம் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பது அவருக்குத் தெரியாது. அதனால் இதைக் கிழித்துப் போடாதே. நீ பதில் போட்டால்தான் நான் சொன்னதில் பாதியாவது உண்மையாகும்.

விஷயம் இதுதான். எங்கள் கார் ஷோரூமில் இருக்கிற ஃபைல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார்களாம். விற்ற வண்டி, வாங்கிய ஆள், சர்வீஸுக்கு வந்த தேதி, மாற்றிய டயர், எல்லாம். நேற்று முதலாளி ஃபைல் ரூம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவர் உடம்புக்கும் எங்கள் ரேக்குகளுக்கும் ஆகாது.

"இதெல்லாம் ஒரு பெட்டிக்குள்ள போயிடும்னு சொல்றாங்கம்மா. செய்யத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

என் வாய்தான் உனக்குத் தெரியுமே. நான் யோசிப்பதற்குள் அது பஸ் ஏறிவிடும். "என் நாத்தனார் இருக்காளே! டேபிள் டேபிளா போட்டுத் தள்ளுவா" என்றேன். டேபிள் என்றால் என்ன என்று அவர் கேட்காமல் விட்டது என் அதிர்ஷ்டம். உன் அண்ணன் எப்போதோ சொன்னதை வைத்து அடித்துவிட்டேன்.

அவர் போனதும் சேல்ஸ் மேனேஜர் வந்தார். இவருக்கு நாங்கள் வைத்த பெயர் டை. குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று ஒரு பேச்சு. டேப்பை நீட்டி ரூமை அளந்தார். "இங்க ஒரு சோபா, அங்க ஒரு சோபா. சர்வீஸுக்கு வர்றவங்க காத்திருக்க நல்ல இடம்" என்றார். என் நாற்காலியைத் தாண்டித்தான் டேப்பை இழுத்தார். அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

உன் அண்ணனுக்கு முதுகு போனதிலிருந்து வீட்டுக்குச் சம்பளம் என்று வருவது என்னுடையது ஒன்றுதான். அதனால் இந்த வேலை எனக்கு வேண்டும். பின்னே எதற்கு உன்னைச் சிபாரிசு செய்தாய் என்பாய். எப்படியும் யாரோ ஒருவர் வந்து செய்யத்தான் போகிறார். வேற்று ஆளாக இருந்தால் நான் வாயைத் திறந்து ஒன்று கேட்க முடியுமா? எனக்கு ஏகப்பட்ட கேள்வி இருக்கிறது. இத்தனை ஃபைலும் அந்தப் பெட்டிக்குள் எப்படி இருக்கும்? நிற்குமா, படுத்திருக்குமா? கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பது?

உன் அண்ணி

(போனில் கேட்கலாமே என்காதே. இங்கே இருக்கிற ஒரே போன் முதலாளி மேஜையில் இருக்கிறது. நாம் பேசுவதை அவர் கேட்டால் நகம் வேறு சதை வேறு என்று தெரிந்துவிடும்.)


ஜனவரி 17

அண்ணி,

உங்கள் கடிதமும் உங்கள் முதலாளியின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. "தங்கள் அண்ணியார் மீது தாங்கள் கொண்டுள்ள பாசத்தை அறிவோம்" என்று அவர் எழுதியிருக்கிறார். இரண்டு முறை படித்தேன்.

கிழிக்கவில்லை. மறக்கவும் இல்லை. என் சம்பளத்தில் நான் வாங்கிய வீட்டுக்கு முதல் முறையாக வந்து, வாசலிலேயே நின்று, எல்லார் முன்னாலும் "அழகான தீப்பெட்டி, ஆனா உள்ளே ஒரே ஒரு குச்சி" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நீங்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு அந்தக் குச்சிதான் அத்தனை தம்ளர்களையும் கழுவியது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

இனி வேலை. இப்போது ஒரு துறைமுகக் கிடங்குக்குச் செய்துகொண்டிருக்கிறேன். ஏப்ரலுக்கு முன் அங்கே வர முடியாது. நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதாக இருந்தால் கடிதம் மூலமாகவே பாதி வேலையை முடிக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஃபைல் ரூம் போனால் உங்களுக்கு என்ன வேலை என்று முதலாளியிடம் கேளுங்கள். கேட்காமல் நான் ஆரம்பிக்க மாட்டேன். அண்ணன் வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றியவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

என் கேள்வி: உங்கள் இடத்தில் ஒரு ஃபைல் என்பது ஒரு வண்டியா, ஒரு ஆளா?

உங்கள் கேள்விக்கு: பெட்டிக்குள் ஃபைல் நிற்பதும் இல்லை, படுப்பதும் இல்லை. நீங்கள் எந்த வரிசையில் கேட்கிறீர்களோ அந்த வரிசையில் அப்போதைக்கு வந்து நிற்கும். யாரும் கேட்காதபோது அதற்கு வரிசையே கிடையாது.


ஜனவரி 25

அன்புள்ள நாத்தனாருக்கு,

யாரும் கேட்காதபோது வரிசையே கிடையாது என்று எழுதினாயே, அதை யோசித்துக்கொண்டே பஸ்ஸில் என் நிறுத்தத்தை விட்டுவிட்டேன். வாத்தியார் வராத வகுப்பு மாதிரி என்று வைத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவளிடம் வேறு உதாரணம் எங்கே இருக்கும்?

முதலாளியிடம் கேட்டேன்.

"ஐயா, ஃபைல் ரூம் போனா நான் எங்க உட்கார்றது?"

"பார்க்கலாம்மா."

"எப்பங்க பார்க்கலாம்?"

"பார்க்கலாம்."

பார்க்கலாமில் இரண்டு வகை உண்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வது ஒன்று, சாத்திக்கொண்டே சொல்வது இன்னொன்று. இது இரண்டாவது. இருந்தாலும் நீ சொன்னபடி கேட்டாயிற்று. ஆரம்பி.

இனி ஃபைல். என் ரூமில் ஃபைல் என்றால் வண்டி. முதுகில் வண்டி எண் இருக்கும். வண்டி கை மாறினால் பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதுவேன். ஆனால் டை தனியாக ஒரு டப்பாவில் அட்டைகள் வைத்திருக்கிறார். அதில் ஆள்தான். யார் மறுபடி புது வண்டி வாங்குவார் என்பதுதான் அவருக்குக் கவலை. போன மாதம் ஒருவர் வந்து, "என் பழைய வண்டியில இருந்த அதே ஹாரன் இதுலயும் வேணும்" என்றார். டையின் டப்பாவில் ஆள் இருக்கிறார், ஹாரன் இல்லை. என் ரேக்கில் ஹாரன் இருக்கிறது, ஆனால் அந்த வண்டி இப்போது ஒரு வக்கீல் பெயரில் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டு தேடினோம். அவர் அந்தப் புது வண்டியில் உட்கார்ந்து, இருக்கிற ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார்.

வண்டிதான் நிஜம், ஆள் வருவான் போவான் என்கிறேன் நான். ஆள்தான் நிஜம், வண்டி துருப்பிடிக்கும் என்கிறார் டை. யார் சொல்வது சரி? என் பக்கம் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் அவர் பக்கம் சொல்லாதே.

அந்தத் தீப்பெட்டியைப் பற்றி நீ எழுத மாட்டேன் என்றாய். நானும் எழுதவில்லை. ஆரம்பித்தால் அதிலும் ஏதாவது சொல்லித் தொலைப்பேன்.

உன் அண்ணி


பிப்ரவரி 2

அண்ணி,

இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் தப்பு. ஆள்களுக்கு ஒரு டேபிள். அதில் ஒவ்வொரு ஆளும் ஒரே ஒரு முறை. வண்டிகளுக்கு ஒரு டேபிள். அதில் ஒவ்வொரு வண்டியும் ஒரே ஒரு முறை. டேபிள் என்றால் கட்டம் போட்ட தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் தாளில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. வண்டித் தாளில் ஆளைப் பற்றி இருக்காது. மூன்றாவதாக ஒன்று இருக்கும். அதுதான் இரண்டையும் சேர்த்து வைக்கும். எந்த ஆள், எந்த வண்டி, எப்போதிலிருந்து, எப்போது வரை. பழைய பெயரை அடிக்கவே வேண்டாம். வக்கீலும் இருப்பார், ஹாரன்காரரும் இருப்பார்.

இன்னொன்று. காலியாக விட்ட கட்டத்தை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "தெரியாது" என்பது வேறு, "இல்லை" என்பது வேறு, "கேட்கவே இல்லை" என்பது வேறு. பாதி கம்பெனிகள் இந்த மூன்றையும் குழப்பித்தான் கெட்டுப் போகின்றன.

டப்பா அட்டையும் ரேக் ஃபைலும் ஒத்துப் போகிறதா என்று ஒரு ரேக் மட்டும் பார்த்து எழுதுங்கள். நன்றாக விளக்குகிறீர்கள். ஹாரன் விஷயம் எனக்கு மிகவும் உதவியது.


பிப்ரவரி 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

அந்த மூன்றாவது டேபிள் இருக்கிறதே, அது கல்யாணத்தைப் பதிவு செய்கிற ஆபீஸ்! அங்கே இருப்பவருக்கு மாப்பிள்ளையின் குணமும் தெரியாது, பெண்ணின் குணமும் தெரியாது. இன்னார் இன்னாரோடு, இந்தத் தேதியிலிருந்து. அவ்வளவுதான். சோறு வடித்துக்கொண்டே இதை உன் அண்ணனிடம் சொன்னேன். "அதுல எப்போது வரைன்னும் ஒரு கட்டம் இருக்காம்" என்றேன். முதுகு வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தார். "அதை யாரு நிரப்பணும்?" என்று கேட்டார். எவ்வளவு ஆசை பார்.

காலிக் கட்டம் பற்றி நீ எழுதியதும் புரிந்தது. "சாப்பாடு எப்படி?" என்று நான் கேட்டு அவர் பேசாமல் இருந்தால் அது எந்த வகை என்று முப்பது வருஷமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது சிரிக்க முடியாத விஷயம். நேற்று நான் லீவு. நீ ரேக்கைப் பார்க்கச் சொன்னாய் என்று கேள்விப்பட்டு, டை உதவி செய்கிறேன் என்று உள்ளே புகுந்திருக்கிறார். இன்று காலை போனால் எல்லா ஃபைலும் பட்டாளம் மாதிரி நேராக நிற்கிறது.

"எப்படி? அழகா அடுக்கிட்டேன் பாருங்க! பாதி ஃபைல் தலைகீழா நின்னுது. இத்தனை வருஷமா யாருமே பார்க்கலையா?"

பார்க்காமல் என்ன? நிறுத்தினதே நான்தான். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் போகும்போது, "தலைகீழா நிக்கிறதுக்கெல்லாம் லெட்டர் போடாதீங்க, கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சர்வீஸுக்கு வாருங்கள் என்று அனுப்புவோமே, அந்த லெட்டர். நானும் அப்படியே விட்டேன். பிறகு நானாகவும் சிலதைத் திருப்பி வைத்தேன். இப்போது எது நேராக நின்றது, எது தலைகீழாக நின்றது, ஒன்றும் தெரியவில்லை. பெட்டியில் ஏற்றினால் எல்லாருக்கும் லெட்டர் போகும். யாராவது சண்டைக்கு வந்தால் முதலாளி முதலில் என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவார். ஏற்கெனவே பார்க்கலாம் என்றவர்.

உன் அண்ணி


பிப்ரவரி 16

அண்ணி,

தலைகீழ் ஃபைலைப் பற்றி நீங்கள் ஏன் முன்பே சொல்லவில்லை? ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அது எப்படி நிற்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அது என் தப்பு.

டையை மறுபடி உள்ளே விடாதீர்கள். ஃபைல்களை உற்றுப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே மாதிரி நின்ற பொருளில் ஏதாவது அடையாளம் இருக்கும்.

அதைவிடக் கஷ்டமான கேள்வி: கூப்பிடக் கூடாது என்றால் ஏன் கூடாது? நான் ஒரு கட்டம் போட வேண்டும். கட்டத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். "தலைகீழ்" என்று பெயர் வைக்க முடியாது.


பிப்ரவரி 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

தூசி! நிற்கிற ஃபைலுக்கு எப்போதும் மேல் விளிம்பில்தான் தூசி படியும். தலைகீழாக நின்றதைத் திருப்பி வைத்தால் தூசி கீழே போயிருக்கும். டை அடுக்கினாரே தவிரத் தட்டவில்லை. தட்டினால் சட்டை அழுக்காகுமே. அந்தச் சட்டை நன்றாக இருக்கட்டும். ஒவ்வொன்றாக எடுத்துக் கீழ் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன். கறுப்பாக வந்தால் தலைகீழ். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது உன் அண்ணன் கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்று கேட்டார்.

ஆக எது எது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஏன் என்பது? அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. ஊரில் எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்கிறவள், இதை மட்டும் ஏன் என்று கேட்டதே இல்லை. முன்பு இருந்தவரைக் கேட்கலாம் என்றால் அவர் மகளோடு வெளிநாடு போய்விட்டார், முகவரி கிடையாது. சரி, சம்பந்தப்பட்டவர்களையே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போகிற நேரத்தில் அவர் போனைப் பயன்படுத்த அனுமதி வாங்கினேன். "யாருக்கும்மா?" என்றார். "கூப்பிடக் கூடாதவங்களுக்கு" என்றேன். என்ன தோன்றியதோ, சரி என்று போய்விட்டார்.

முதலில் ஒரு பல் டாக்டரம்மா. "நீங்க ஷோரூமை மூடிட்டீங்கன்னு நினைச்சேன்! ஒரு லெட்டர் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"கூப்பிட வேண்டாம்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க போல."

 போனுக்குள் ஒரே சிரிப்பு. "பையனுக்குப் பரீட்சை முடியிற வரைக்கும் போன் பண்ணாதீங்கன்னு சொன்னேன். அவனுக்கு இப்ப ரெண்டு குழந்தை!"

அடுத்தவர் மாமனாருக்குத் தெரியாமல் வண்டி வாங்கியவர். லெட்டர் வந்தால் மாட்டிக்கொள்வார். "இப்ப அந்த வண்டியை ஓட்டுறதே அவர்தாங்க. எனக்குக் கிடைக்கிறதே இல்ல" என்றார்.

ஒரு வீட்டில் வீட்டுக்காரம்மா எடுத்தார். வண்டி வாங்கிய அவர் கணவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆயிற்றாம். நான் மன்னிப்புக் கேட்டு வைக்கப் போனேன். "வைக்காதீங்க. நான் ஓட்டக் கத்துக்கிட்டேன். வண்டி முன்னாடி கடகடங்குது. எங்க கொண்டு போறதுன்னே தெரியல" என்றார். அரை மணி நேரம் பேசினோம். கடகடப்பு சைலன்ஸரில் என்று நினைக்கிறேன்.

நான் திருப்பி வைத்ததில் ஒருவர். ஒரு கீறலுக்காக என் முகத்துக்கு நேரே கத்தியவர். அன்றே அவரைத் தலைகீழாக நிறுத்திவிட்டேன். "அம்மா, நான் கத்தினது உங்களை இல்லம்மா! உங்க பின்னாடி என் தம்பி நின்னான். அவன்தான் கீறினான்" என்கிறார். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை, நாத்தனாரே. இத்தனை வருஷமும்.

"வை போனை" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் தலைகீழாகவே இருக்கட்டும், பாவம்.

இப்போது நீயே சொல். இந்தக் கட்டத்துக்கு என்ன பெயர்?

உன் அண்ணி


மார்ச் 7

அண்ணி,

கடிதத்தை வேலைக்கு நடுவே படித்துச் சிரித்ததில் கிடங்குக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். அதனால் அதற்கே தனியாக ஒரு டேபிள் போட்டுவிட்டேன். யாரைக் கூப்பிட வேண்டாம், யார் அப்படிச் சொன்னது, எதனால், எப்போது வரை. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் பெட்டி ஏற்றுக்கொள்ளாது. தேதி தெரியாவிட்டால் "தெரியாது" என்று போட்டால் போதும், ஆறு மாதம் கழித்து, "இவரிடம் மறுபடி கேட்கவும்" என்று அதுவே நினைவுபடுத்தும். காகிதத்தில் இல்லாமல் போனது அந்த ஒன்றுதான். எதுவும் தானாக முடிவதில்லை.

இதை எழுதிவிட்டு எனக்கும் ஒரு வரி போட்டுக்கொண்டேன். என் வீட்டிலும் ஒரு ஃபைல் ஒரு வருஷமாகத் தலைகீழாக நிற்கிறது. யார் சொன்னது: நான். எதனால்: தீப்பெட்டி. எப்போது வரை என்ற கட்டத்தில் இன்றைய தேதியைப் போட்டேன்.

இன்னொன்றும் செய்யலாம் என்று நினைக்கிறேன். இந்த டேபிளைப் பார்த்துக்கொள்ளவும் வாடிக்கையாளர்களிடம் கேட்டு எழுதவும் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். அந்த ஆள் நீங்கள்தான் என்றும். முதலாளி கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும்.


மார்ச் 15

என் தங்கமான நாத்தனாரே,

அந்தத் தேதியைப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேலி பேசப் போவதில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு மறு கையால் எழுதுகிறேன்.

ஒப்பந்தத்தில் என் பெயரைப் போடாதே. டயர் வாங்கினால் டியூப் இலவசம் என்பது போல இருக்கும். அதனால் நானே போய்க் கேட்டேன்.

பல் டாக்டரம்மா வண்டியோடு வந்தார். மாமனார் வந்தார். சைலன்ஸர் அம்மா வந்தார் (கடகடத்தது சைலன்ஸர் இல்லையாம்). சர்வீஸ் பக்கம் வண்டி நிறுத்த இடம் இல்லை. இதெல்லாம் தான் அச்சடித்த புது நோட்டீஸால்தான் என்றார் டை. அந்த நோட்டீஸ் இன்னும் கட்டுப் பிரிக்காமல் என் மேஜைக்கு அடியில்தான் இருக்கிறது.

"ஐயா, பெட்டி வந்த பிறகும் இப்படி ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கணும். அது நானா இருக்கலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். "பெட்டியில உங்களுக்கு எடுக்கத் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்குவேன்."

"திறப்பு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் ஒரு வண்டியைக் கேப்பேன். நீங்களே எடுத்துக் காட்டுங்க. காட்டிட்டா அந்த வேலை உங்களுக்கு, காத்திருக்கிற ரூமும் உங்க பொறுப்பு."

"காட்டலைன்னா? பார்க்கலாமா?"

"இல்லம்மா. காட்டலைன்னா வேற ஆள்."

இந்த மட்டும் பார்க்கலாம் போய்ப் பதில் வந்ததே. ஒரு அட்டையில் எழுத்துப் பலகை மாதிரி வரைந்து வைத்துக்கொண்டு பழகுகிறேன். உன் அண்ணன் எழுத்தைச் சொல்வார், நான் தட்டுவேன். அவர் வாய் வேகத்துக்கு என் விரல் போகவில்லை. நேற்று அட்டை ஓட்டையாகிவிட்டது.

சீக்கிரம் வா. ஹோட்டலில் தங்கினால் பேசவே மாட்டேன். எங்கள் வீடும் உன் வீடு அளவுதான். இரண்டு குச்சி இருக்கிறது, அதில் ஒன்று வளைந்திருக்கிறது.

உன் அண்ணி


ஏப்ரல் 19

அண்ணி,

உங்கள் வீட்டில் தங்கிப் பெட்டியில் எல்லாம் ஏற்றி முடித்தும், திறப்புக்கு முதல் நாளே துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு தகவலும் இல்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அண்ணனைக் கூப்பிட்டால், "அவளே எழுதறேன்னா, நான் சொல்லக்கூடாதாம்" என்று வைத்துவிட்டார். பின்னால் நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டதா, இருமுகிற சத்தம் கேட்டதா என்று இன்னும் தெரியவில்லை.

வேலை கிடைத்ததா? ஒரே ஒரு வார்த்தை போதும். என்ன கேட்டார்? பெட்டி என்ன செய்தது? உங்கள் வீட்டில் எனக்குக் கொடுத்த பின்னல் போட்ட தலையணை உறையை மறந்து என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருப்பித் தர மாட்டேன்.


ஏப்ரல் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

கிடைத்தது. இதோ நீ கேட்ட ஒரு வார்த்தை. இனி மற்ற வார்த்தைகள்.

முதலாளி, அவர் வீட்டுக்காரம்மா, பழைய வாடிக்கையாளர்கள், சர்வீஸ் ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். டை புது டை கட்டியிருந்தார். நான் அட்டையில் பழகிய விரலை நீட்டிக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தேன்.  வண்டி எண் சொல்வார், தட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். அவரோ கையைக் கட்டிக்கொண்டு, "நான் இந்த வியாபாரத்துக்கு வந்த புதுசுல ஒரு பச்சை வண்டி வித்தேன். அது இப்ப எங்க இருக்கு?" என்றார். எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. என் ரேக்காக இருந்தால் அன்றே வீட்டுக்குப் போயிருப்பேன்.

எந்த வரிசையில் கேட்டாலும் வந்து நிற்கும் என்று நீ எழுதினாய். நிறத்தைக் கேட்டேன். ஒரு விரலால்தான். "ச்" எங்கே என்று தேடிய நேரத்தில் டை இரண்டு முறை இருமினார். பச்சை வண்டிகள் வந்து நின்றன, நிறையவே. "நீங்க வியாபாரத்துக்கு வந்தது எந்த வருஷம்ங்கய்யா?" என்று கேட்டு அதையும் தட்டினேன். நாலு மிஞ்சியது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது! இதுதான்! இன்னும் ஓடுதா?"

மூன்றாவது டேபிளைத் திறந்தேன். "ஓடுதுங்க. மூணு கை மாறியிருக்கு. இப்ப ஒரு பேக்கரிக்காரர் வச்சிருக்கார். போன மாசம்தான் பிரேக் மாத்தினோம்."

 அவர் தன் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, "நாம ஓட்டிப் பார்த்தோமே, அந்த வண்டி" என்று காட்டினார். என் பக்கம் திரும்பாமலே, "திங்கட்கிழமைல இருந்து அந்த ரூமைப் பார்த்துக்குங்கம்மா" என்றார். உன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அந்த ஓட்டை அட்டையை எடுத்துச் சுவரில் மாட்டினார். மாட்டும்போது முதுகு பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை ரேக்குகள் போய் சோபாக்கள் வந்தன. ரூம் பெரிதாக இருக்கிறது. என் மேஜை ஜன்னல் பக்கம். பெட்டி அதன் மேல், பக்கத்தில் ஒரு புது போன். முதல் நாள் பதினைந்து பேரைக் கூப்பிட்டேன். மூன்று பேர் திட்டினார்கள். ஒருவர் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னார். எதனால் என்ற கட்டத்தில் அதையும் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் பெட்டியை அணைத்து, விளக்கை அணைத்து, ரூமைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை திறந்தபோது, கதவுக்குப் பின்னால் இருக்கிற சோபாவில் ஒருவர் இருந்தார். சர்வீஸுக்கு வண்டி விட்டவர். சோபா மெத்தென்று இருந்ததால் கண் அசந்துவிட்டதாகச் சொன்னார். கண் விழித்தபோது இருட்டாக இருந்ததாம், ஸ்விட்ச் எங்கே என்று தெரியவில்லையாம். பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். வண்டி தயார், இன்னும் ஒப்படைக்கவில்லை என்று சரியாகச் சொன்னது. ஆள் எங்கே இருக்கிறார் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். சாவியைக் கொடுத்து, வண்டியைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினேன். அடுத்த சர்வீஸுக்கு லெட்டர் போடலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். சோபாவின் பிளாஸ்டிக் உறை அவர் முதுகில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

உன் அண்ணி